மூன்று இருபது

ஜனவரி 12 (33 வாரம்)

மயக்க மருந்து டாக்டரை இன்று பார்த்தோம். என் ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்களுக்கு முதுகில் ஊசி போட முடியாதும்மா" என்று நேராகச் சொல்லிவிட்டார். பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவும் அணுக்கள், 62,000. சாதாரணமாக 1,50,000 முதல் 4,50,000 வரை இருக்கும். 70,000க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான டாக்டர்கள் எபிடியூரல், அதாவது பிரசவ வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் அந்த ஊசியைப் போடத் தயங்குவார்களாம். முதுகுத்தண்டில் அந்த ஊசி போகிற இடம் மிகக் குறுகல். அங்கே ரத்தம் கசிந்து கட்டிக்கொண்டால் நரம்பை அழுத்தி, கால் செயலிழந்தே போகலாம். அபூர்வம்தான். ஆனாலும் அவர் அதற்குத் துணியவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் துணிய மாட்டேன்.

இதெல்லாம் புரிந்தது. வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அழுதுவிட்டேன்.

நான்கு வருடம் முன்பு மூத்தவள் பிறந்தபோது, கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்ததும் எபிடியூரல் போட்டார்கள். அதற்கு முந்தைய ஆறு மணி நேரம் இப்போதும் உடம்பில் இருக்கிறது. ஊசி போட்ட பிறகு தூங்கினேன். எழுந்தேன், முக்கினேன், அவளைக் கையில் வாங்கினேன். நல்ல மருந்து அது. இந்த முறையும் அதைத்தான் நம்பியிருந்தேன். நடுவில் இரண்டு வருடம் முன்பு காலில் சிவப்புப் புள்ளிகள் வந்தன, ஈறில் ரத்தம் கசிந்தது. பார்த்தால் ஐ.டி.பி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் பிளேட்லெட்டுகளை அழிக்கிற கோளாறு.

மருந்தில்லாமல் பெற்றெடுக்க விரும்பி, அதற்கென்றே தயாரானவர்கள் எழுதியதை நிறையப் படித்திருக்கிறேன். எனக்கு அந்த விருப்பம் இல்லை. வேறு வழியில்லாமல் அங்கே போய் நிற்கப்போகிறவள் நான். என்னைப் போல இன்னொருத்தி தேடிக்கொண்டிருப்பாள். அவளுக்காகவும் இதை எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 15

மீதி என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு வந்தேன்.

தசையில் போடும் வலி ஊசி வேண்டாம் என்கிறார்கள். உள்ளே ரத்தம் கட்டும். டிரிப் வழியாகக் கொஞ்சமாகக் கொடுக்கலாம், ஆனால் குழந்தை வெளியே வரும் நேரம் நெருங்கிவிட்டால் கொடுக்க மாட்டார்கள். குழந்தையின் மூச்சு மந்தப்படும். நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் பாதிக்குப் பாதி கலந்த வாயுவை முகமூடியில் உறிஞ்சுவது சில நாடுகளில் சாதாரணம். நாங்கள் போகும் மருத்துவமனையில் அது இல்லை. அவசரமாக சிசேரியன் செய்ய நேர்ந்தால் முழு மயக்கம்தான்.

பிளேட்லெட்டை ஏற்றிப் பார்க்க அடுத்த வாரத்திலிருந்து பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 20 மில்லிகிராம். ஏறினால் எபிடியூரல் பற்றி மறுபடி பேசலாம் என்றார் டாக்டர். ஏறும் என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஜனவரி 19 (34 வாரம்)

பிரசவ வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். ஐஸ் கட்டியை உள்ளங்கையில் மூடி ஒரு நிமிடம் பிடித்திருக்க வேண்டும். ஒரு நிமிடம் ஏன் என்றால், நல்ல பிரசவ வலி ஒன்று எழுந்து உச்சிக்குப் போய் இறங்க ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகும்.

முதல் தடவை சும்மா பிடித்தேன். முழு கவனமும் கையிலேயே. 25 விநாடியில் கீழே போட்டுவிட்டேன். இரண்டாவது தடவை மூச்சை மெதுவாக, நீளமாக விட்டுக்கொண்டே பிடித்தேன். கை அதேபோலத்தான் எரிந்தது. ஆனால் ஒரு நிமிடம் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து செய்து காட்டியபோது மூத்தவள் தான் எண்ணுவதாகச் சொன்னாள். அவளுக்கு இருபது வரைதான் தெரியும். பதினைந்தை எப்போதும் விட்டுவிடுவாள். இருபது முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து. மூன்று தடவை இருபது எண்ணினால் ஒரு நிமிடம். முதல் இருபதில் குளிர் தெரிகிறது, இரண்டாவதில் எரிகிறது, மூன்றாவதில் கை மரத்துப்போய்த் தாங்கிக்கொள்கிறது. வலியும் இப்படித்தான் ஏறி, நின்று, இறங்கும் என்று வகுப்பில் சொன்னது அப்போதுதான் மனதில் பதிந்தது.

ஐஸ் கட்டிக்கும் பிரசவத்துக்கும் ஒப்பே கிடையாது, தெரியும். முன்பே ஒருமுறை பாதி தூரம் போய் வந்தவள் நான். ஆனால் போன முறை வலியை எண்ணிப் பார்க்கவே தோன்றவில்லை. அதற்கு முடிவே இல்லை என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஜனவரி 24

தூக்கம் வரவில்லை. ஸ்டீராய்டு வேலை. படித்துக்கொண்டிருந்தேன்.

1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் பிரசவ வலிக்கு முதலில் ஈதரும், அந்த வருடக் கடைசியில் குளோரோஃபார்மும் கொடுத்தார். அப்போது எதிர்ப்பும் இருந்தது. 1853இல் விக்டோரியா மகாராணி எட்டாவது பிள்ளையைப் பெறும்போது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் குளோரோஃபார்மைக் கொடுத்த பிறகு பேச்சு மாறியது. எட்டாவது. அதற்கு முந்தைய ஏழையும் அவர் எப்படிக் கடந்தார் என்றுதான் எனக்கு யோசனை போனது.

பிறகு 1930களில் இங்கிலாந்து மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் வேறு பக்கமாக வந்தார். பயந்தால் உடம்பு இறுகும், இறுகினால் வலி கூடும், வலி கூடினால் பயம் கூடும் என்றார். 1950களில் பாரிஸில் ஃபெர்னான் லாமாஸ், சோவியத் நாட்டில் தான் பார்த்துவந்த முறையை மூச்சுப் பயிற்சியாகச் சொல்லிக்கொடுத்தார். இன்றைய பிரசவ வகுப்புகள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் இவர்கள் இருவருக்கும் கடன்பட்டவை.

டிக்-ரீட் சொன்னதில் ஒரு பாதியை ஏற்கிறேன். பயத்தில் அட்ரினலின் ஊறினால் கர்ப்பப்பையின் சுருக்கம் மந்தப்படும், பிரசவம் இழுத்துக்கொண்டே போகும். ஆனால் வலியே பயத்தால்தான் வருகிறது என்ற அளவுக்குப் போனால் கோபம் வருகிறது. அப்படியானால் வலிக்கிறது என்று அழுகிறவள் தைரியம் இல்லாதவள் என்று ஆகிவிடும். ஒரு தசை மூடிய வாயை 10 சென்டிமீட்டர் வரை இழுத்துத் திறக்கிறது. வலிக்காமல் என்ன செய்யும்?

எனக்கு உண்மையில் தெம்பு கொடுத்தது 1965இல் வலி ஆராய்ச்சியாளர்கள் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் சொன்ன 'கதவு' விளக்கம். வலிச் செய்தி முதுகுத்தண்டு வழியாக மூளைக்குப் போகும் பாதையில் ஒரு கதவு இருப்பதுபோல நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். தொடுவது, அழுத்துவது போன்ற உணர்வுகளைக் கொண்டுபோகும் தடித்த நரம்பிழைகள் வேலை செய்யும்போது அந்தக் கதவு கொஞ்சம் சாத்திக்கொள்ளும். மூளையிலிருந்து இறங்கி வரும் செய்தியும் கதவை அசைக்கும். இடித்துக்கொண்ட முழங்கையை நாம் தானாகத் தேய்த்துவிடுகிறோமே, அதுதான். இடுப்பை அழுத்துவது, வெந்நீர் விடுவது, எண்ணுவது எல்லாம் சும்மா ஆறுதலுக்கு என்று இதுவரை நினைத்திருந்தேன். இல்லை.

ஜனவரி 29

கணவருக்குப் பயிற்சி. முழங்காலிட்டு நான் கட்டிலில் சாய்ந்துகொள்ள, இடுப்பின் அடியில் இருக்கும் தட்டை எலும்பில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து அழுத்த வேண்டும். முதலில் தடவிக்கொடுத்தார். "தடவாதீங்க, தள்ளுங்க" என்றேன். இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, அவர் தன் முழு எடையையும் போட்ட பிறகுதான் சரியாக வந்தது. அப்புறம் இரண்டு பக்க இடுப்பையும் உள்ளங்கைகளால் உள்நோக்கி நெருக்குவது. அது இன்னும் நன்றாக இருந்தது.

அவருக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறேன். என் தாடையைப் பார்த்துக்கொண்டே இருப்பது. "பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கோ" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வலி என்றதும் முதலில் இறுகுவது அங்கேதான். தாடை இறுகினால் தோள் ஏறுகிறது, தோள் ஏறினால் மூச்சு மேலேயே நின்றுவிடுகிறது. மூச்சு குட்டையாகவும் வேகமாகவும் போனால் கார்பன் டை ஆக்சைடு குறைந்து விரல் நுனி மரத்து, தலை சுற்றும். போன முறை எனக்கு அப்படியேதான் ஆனது. ஏதோ விபரீதம் என்று பயந்து இன்னும் வேகமாக மூச்சு விட்டேன்.

ஆக அவர் என் தாடையைத் தொட்டால் நான் அதைத் தளர்த்த வேண்டும். பேச்சே வேண்டாம்.

பிப்ரவரி 4 (36 வாரம் 2 நாள்)

பரிசோதனைக்குக் காத்திருந்தபோது உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் அலறல். உடனே இன்னொரு குரல்: "சத்தம் போடாதே. எல்லாரும்தான் பெத்துக்கறாங்க."

அந்தப் பெண் யார் என்று தெரியாது. அவளுடன் யாராவது இருந்தார்களா என்றும் தெரியாது. இன்று முழுக்க அவள் குரல்தான் காதில்.

வலி மருந்து எப்போதும் கிடைக்காது. அது வேறு விஷயம். கனிவுக்கு என்ன தட்டுப்பாடு? உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவ வழிகாட்டுதலில் மரியாதையான கவனிப்பையும், பெண் தானே தேர்ந்தெடுக்கும் ஒரு துணை கூடவே இருப்பதையும் பரிந்துரையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். தொடர்ந்து ஒருவர் கூட இருப்பதைப் பற்றிய 26 ஆய்வுகளை, 15,000க்கும் மேற்பட்ட பெண்களின் பிரசவங்களை, காக்ரேன் அமைப்பு 2017இல் ஒன்றாக வைத்துப் பார்த்தது. துணை இருந்தவர்களுக்குப் பிரசவ நேரம் குறைகிறது, வலி மருந்து தேவைப்படுவதும் சிசேரியனும் குறைகின்றன. ஒரு மனிதர் பக்கத்தில் நிற்பதன் பலன் இது.

உள்ளே போனதும் தலைமை சிஸ்டரிடம் கேட்டேன். கணவர், அக்கா இருவரில் ஒருவர் எப்போதும் என்னோடு இருக்கலாம் என்று சொன்னார். நான் நடக்கலாமா, முழங்காலிடலாமா என்று கேட்டேன். "குழந்தை இதயத் துடிப்பு நல்லா இருக்கிற வரைக்கும் எப்படி வேணா இரும்மா" என்றார். கேட்க வாய் வராத அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 11

பிளேட்லெட் 66,000. பிரசவத்துக்குப் போதும். ஊசிக்குப் போதாது.

சரி.

பிப்ரவரி 19 (38 வாரம் 3 நாள்)

மாலையிலிருந்து வயிறு இறுகி இறுகி விட்டது. நடந்தால் நின்றுபோனது. பொய் வலி. பை கதவோரம் தயாராக இருக்கிறது.

நடு இரவில் எழுந்து உட்கார்ந்து அவரை எழுப்பினேன். "என்னால முடியலைன்னா என்ன செய்வேன்?" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "முடியலைன்னு சொல்லு. நான் அங்கேதான் இருப்பேன்" என்றார். தைரியம் சொல்லாததே நல்லதாகப் போயிற்று.

பிப்ரவரி 25, இரவு 2.10

இடுப்பில் ஆரம்பித்திருக்கிறது. 12 நிமிடத்துக்கு ஒன்று. நடந்தாலும் நிற்கவில்லை.

பிப்ரவரி 25, விடிகாலை 4.25

6 நிமிடம். முதுகில் டென்ஸ் கருவியின் நான்கு பட்டைகளை ஒட்டியிருக்கிறேன், இரண்டு மேலே, இரண்டு கீழே. சின்ன மின்துடிப்பு, எறும்பு ஊர்வது போல. வலி ஏறும்போது பொத்தானை அழுத்தினால் கூடும். இப்போதைக்கு உதவுகிறது. நடுவில் பேச முடிகிறது. அம்மா மூத்தவளோடு படுத்திருக்கிறார். அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தேன், விழிக்கவில்லை. கிளம்புகிறோம்.

பிப்ரவரி 27

பையன். 3.1 கிலோ. 25ஆம் தேதி காலை 11.38. இருவரும் நலம். குழந்தை தூங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

போய்ச் சேர்ந்தபோது 4 சென்டிமீட்டர். டிரிப் ஊசி போட்டார்கள். ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்ததால் பிரசவ நேரத்தில் உடம்பு தாங்க ஹைட்ரோகார்ட்டிசோன் கொடுத்தார்கள். குழந்தையின் தலையில் கருவி எதையும் வைக்கக் கூடாது, வேக்கம், ஆயுதம் (இடுக்கி) எல்லாம் கூடுமானவரை வேண்டாம் என்று டாக்டர் எழுதியிருந்தார். என் கோளாறால் குழந்தைக்கும் பிளேட்லெட் குறைந்திருக்கலாம், தலைக்குள் ரத்தம் கசியலாம் என்பதால். இதயத் துடிப்பை வயிற்றின் மேல் வைத்து 15 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டார்கள். மற்ற நேரம் என் இஷ்டம்.

நடந்தேன். வலி வரும்போது கணவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். நின்றபடி, நடந்தபடி இருப்பவர்களுக்கு இந்த முதல் கட்டம் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைகிறது என்று படித்திருந்தேன். அப்போது அதெல்லாம் ஞாபகம் இல்லை. படுத்தால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

எட்டரை மணிக்கு 6. டாக்டர், "டிரிப்பில் கொஞ்சம் மருந்து போடட்டுமா?" என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் பார்க்கிறேன் என்றேன். இடைவெளிகள் நன்றாக இருந்தன, அதனால்தான். இதை எப்படிச் சொல்வது? போன முறை ஒரு வலி முடிந்ததும் அடுத்ததை நினைத்து இறுகிக்கிடப்பேன். அப்படியே ஒரு வலியிலிருந்து இன்னொரு வலிக்கு, நடுவில் மூச்சே இல்லாமல். இந்த முறை சுருக்கம் விட்டதும் உடம்பில் எந்த வலியும் இல்லை என்பதைக் கவனித்தேன். நிஜமாகவே ஒன்றும் இல்லை. மூன்று நிமிடம். அக்கா ஒரு வாய் தண்ணீர் கொடுப்பாள், நெற்றியைத் துடைப்பாள். ஒருமுறை அந்த மூன்று நிமிடத்துக்குள் தூங்கி, கனவே கண்டேன். ஒரு மணி நேரத்தில் வலிக்கும் நேரத்தைக் கூட்டினால் இருபது நிமிடம்கூட வராது. மீதி நாற்பது நிமிடமும் என்னுடையது. போன முறை அந்த நாற்பதையும் நானே தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

ஒன்பதரைக்கு மேல் குழந்தையின் தலை என் முதுகெலும்பைப் பார்த்து அழுத்தியது. வயிற்றில் வலியே தெரியவில்லை, எல்லாம் இடுப்பில். டென்ஸ் பட்டைகளைப் பிய்த்து எறிந்தேன். சிஸ்டர் என்னை நான்கு காலில் நிற்க வைத்தார். கணவர் இடுப்பு எலும்பை அழுத்தினார், பயிற்சியில் போலவே, முழு எடையோடு. அவர் கையை எடுத்த ஒரு தடவை எனக்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது. "எடுக்காதீங்க!" என்று கத்தினேன். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. அடுத்த நாள் அவர் மணிக்கட்டு வீங்கியிருந்தது.

வெந்நீர் ஷவரில் அரை மணி நேரம். நாற்காலியில் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, இடுப்பில் தண்ணீர் விழ, அக்கா எண்ணினாள். மூன்று இருபது. முதல் இருபதில் ஏறுகிறது, இரண்டாவதில் உச்சி, மூன்றாவதில் இறங்கும். இரண்டாவது இருபதின் நடுவில் வரும்போது, இதைவிட மோசமாக இனி இந்த வலியில் வராது என்று தெரியும். அதைப் பிடித்துக்கொண்டேன். தாழ்ந்த குரலில், தொண்டையைத் திறந்து, "ஆ" என்று இழுத்துக்கொண்டே இருந்தேன். குரல் மேலே போய் அலறலாக மாறும்போதெல்லாம் அக்கா தானே கீழ்க்குரலில் "ஆ" என்பாள், நான் அவளோடு இறங்குவேன். யாரும் என்னைச் சத்தம் போடாதே என்று சொல்லவில்லை.

பத்தே முக்காலுக்கு எல்லாம் உடைந்தது. இடைவெளி போய்விட்டது. ஒன்று இறங்கும் முன் இன்னொன்று. கால்கள் கிடுகிடுவென நடுங்கின, வாந்தி எடுத்தேன். மூன்று இருபது போதவில்லை, நான்கு, ஐந்து ஆனது. எண்ணாதே என்று அக்காவை விரட்டினேன். "எனக்கு முடியலை. ஏதாவது குடுங்க. காலையில் கேட்டீங்களே, அதைக் குடுங்க" என்று டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டேன். பரிசோதித்துவிட்டு, "9 சென்டிமீட்டர்மா. இப்ப குடுத்தா குழந்தைக்கு மூச்சுக் கஷ்டமாகும்" என்றார். அந்த நிமிடம் அவரை வெறுத்தேன். காலையில் வாங்கியிருக்கலாமே என்று தோன்றியது. வாங்கியிருந்தால் அதில் எந்தத் தப்பும் இல்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

சிஸ்டர் என் முகத்துக்கு நேரே குனிந்து, "முடியலைன்னு சொல்ற நேரம் வந்தாச்சுன்னா முடியப்போகுதுன்னு அர்த்தம். என் கண்ணைப் பாரு. இந்த ஒண்ணு மட்டும்" என்றார். அடுத்ததற்கும் "இந்த ஒண்ணு மட்டும்" என்றார். அவர் கண்ணில் பழுப்பு நிறத்தில் ஒரு புள்ளி உண்டு. அதைப் பார்த்துக்கொண்டே எட்டோ ஒன்பதோ வலி கடந்தேன். எதிரில் யாரோ என் தாடையைத் தொட்டார்கள். தளர்த்தினேன்.

பிறகு வலியின் குணமே மாறிவிட்டது. இதுவரை எனக்கு நடந்துகொண்டிருந்தது, இப்போது நான் செய்வதாக ஆனது. முக்க வேண்டும் என்று உடம்பே சொன்னது, யாரும் சொல்லவில்லை. எபிடியூரலோடு பெற்றபோது இந்த உந்துதல் எனக்குத் தெரியவே இல்லை, அவர்கள் சொன்னபோது முக்கினேன். பக்கவாட்டில் படுத்து, மேல்காலை அக்கா தாங்கிக்கொள்ள, 22 நிமிடம். சிஸ்டர் வெந்நீரில் நனைத்த துணியைக் கீழே வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அது பெரிய கிழிசலைத் தடுக்கும் என்று பிறகு சொன்னார். அப்போது அதன் சூடு எவ்வளவு இதமாக இருந்தது என்பதுதான் நினைவு. தலை வெளிப்படும்போது நெருப்பு வளையம் போல எரிந்தது. "முக்காதே, ஊது, ஊது" என்றார். முக்காமல் இருப்பதுதான் மொத்தத்திலும் கடினமான காரியம். ஊதினேன்.

அப்புறம் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டான். ஈரமாக, சூடாக, என் மார்பில். அதே நொடியில் வலி நின்றது. குறையவில்லை, நின்றது.

ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசினைத் தொடையில் போடாமல் டிரிப்பில் கொடுத்தார்கள். சின்னக் கிழிசல், மூன்று தையல். அதற்கு முன் அந்த இடம் மரத்துப்போக லிக்னோகெய்ன் போட்டார்கள். சுருக்கென்று ஒரு குத்து, பிறகு ஒன்றுமே தெரியவில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பெற்றபோதுகூட அழவில்லை. அந்தச் சின்ன மருந்து இருப்பது அவ்வளவு நன்றாக இருந்தது.

நேற்று பார்க்க வந்த ஒருவர், "மருந்தே இல்லாம பெத்தியா, நீதான் உண்மையான வீராங்கனை" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை, அவரிடமே சொன்னேன். மூத்தவளைப் பெற்ற நானும் நான்தான். கதவு மூடியிருந்தது, வேறு வழியாகப் போனேன். திறந்திருந்தால் அதில் போயிருப்பேன். என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தவை ஆறு கைகள்: கணவருடையவை, அக்காவுடையவை, சிஸ்டருடையவை.

பிப்ரவரி 28

தொப்புள்கொடி ரத்தத்தில் அவனுக்குப் பிளேட்லெட் 1,62,000. இன்று 1,28,000. பயப்பட வேண்டாம், பிறந்த 2 முதல் 5 நாளுக்குள் இறங்கிவிட்டுத்தான் ஏறும், 50,000க்குக் கீழே போனால்தான் கவலை என்கிறார்கள். இருந்தாலும் குதிகாலில் குத்தும்போதெல்லாம் என் வயிறு சுருங்குகிறது.

வயிறு சுருங்குவது வேறு வகையிலும் நடக்கிறது. பால் கொடுக்க ஆரம்பித்ததும் ஆக்சிடோசின் சுரந்து கர்ப்பப்பை மறுபடி இறுகுகிறது. இரண்டாவது பிள்ளைக்கு இந்தப் பின்வலி அதிகம் என்று யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை, ஆகவே நான் சொல்லிவைக்கிறேன். பிரசவ வலியேதான், சின்ன அளவில். இபுபுரூஃபன் பிளேட்லெட்டின் வேலையைக் கெடுக்கும் என்பதால் பாராசிட்டமால் மட்டும். பால் கொடுப்பதற்கு அரை மணி முன்பே எடுத்துக்கொள்வது நல்லது என்று சிஸ்டர் சொன்னார். எடுத்துக்கொள்கிறேன்.

மார்ச் 2

இன்று 1,55,000. ஏறுகிறது. வீட்டுக்கு வந்துவிட்டோம்.

சாயங்காலம் பால் கொடுக்கும்போது வலி வந்து முகம் சுளித்தேன். கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த மூத்தவள் பார்த்துவிட்டாள். "ஐஸா?" என்றாள். "அது மாதிரிதான்" என்றேன். உடனே சம்மணம் போட்டு உட்கார்ந்து எண்ணத் தொடங்கினாள். பதின்மூன்று, பதினான்கு, பதினாறு. தம்பி அவள் குரல் வந்த பக்கம் கண்ணைத் திறந்தான்.

இரண்டாவது இருபதிலேயே வலி இறங்கிவிட்டது. அவளிடம் சொல்லவில்லை. மூன்றாவதையும் அவள் எண்ணி முடிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.